லூபெக் சந்துகளும் ஜெபாவின் ஜன்னலும்

கடந்த மே மாதம், சேர்த்து வைத்த லீவை எடுத்துக்கொண்டு ஜெர்மனிக்குப் போனேன். ஊர் பார்க்க என்று வீட்டில் சொன்னேன். உண்மையில் ஜெபா எப்படி வாழ்கிறாள் என்று பார்க்கத்தான் போனேன்.

நாங்கள் இருவரும் திருநெல்வேலிப் பக்கத்து நர்ஸ்கள். துபாயின் கராமா பகுதியில் பலகைத் தடுப்பு போட்ட ஒரே அறையில் ஆறு வருடம் இருந்தோம். டூட்டி முடிந்து ஒன்றாக ஜெர்மன் வகுப்புக்குப் போனோம். அவள் பரீட்சை எழுதி லூபெக் நகரத்து மருத்துவமனைக்குப் போய்விட்டாள். எனக்குக் கல்யாணமாகிப் பிள்ளை பிறந்தது, படிப்பு அப்படியே நின்றுவிட்டது. நான்கு வருடமாக அவள் அனுப்பும் படங்களைப் பார்த்து வயிறு எரிந்ததுதான் மிச்சம்.

துபாயிலிருந்து ஹாம்பர்க்குக்கு நேர் விமானம், ஏழு மணி நேரம். அங்கிருந்து லூபெக் அறுபத்தைந்து கிலோமீட்டர், ரயிலில் முக்கால் மணி நேரம். ஸ்டேஷனுக்கே ஜெபா வந்திருந்தாள்.

பழைய நகரத்தைச் சுற்றிலும் தண்ணீர். தெருவோரம் வியாபாரிகளின் உயரமான செங்கல் வீடுகள். அவற்றில் ஒன்றின் அடியில் ஒரு பொந்து. ஜெபா குனிந்து உள்ளே போனாள். நான் நெற்றியை இடித்துக்கொண்டேன். (உயரமானவர்கள் கவனம்!) கையை விரித்தால் இரண்டு சுவரும் தட்டும். சந்து முடிந்ததும் கொல்லைப்புறத்தில் வரிசையாகக் குட்டி குட்டி வீடுகள், வாசலெல்லாம் ரோஜா.

"என்னட்டி இது, பொம்மை வீடா?"

"கூலிக்காரங்க இருந்த வீடுட்டி. அந்தக் காலத்துல ஊருக்குள்ள எடம் பத்தல. முதலாளிமாரு கொல்லையில கட்டி வாடகைக்கு விட்டுருக்காங்க. சவப்பெட்டி போற அளவுக்குச் சந்து இருந்தா போதும்னு சொல்லுவாங்க."

நம் கராமா பார்ட்டிஷனும் இதேதானே? ஆனால் நம் பலகைத் தடுப்பை யார் பல நூறு வருடம் காப்பாற்றி, ரோஜா நட்டு, சுற்றுலாக்காரர்களுக்குக் காட்டப் போகிறார்கள்? நான் பொறாமைப்படாத சுவர் ஒன்றுகூட அங்கே மிஞ்சவில்லை.

அந்தக் குட்டி வீடுகளில் ஒன்றில்தான் ஜெபா இருக்கிறாள். அதைவிட எரிந்தது அவள் சமையலறையில். எதிர்வீட்டு ஆன்யா எங்கள் வயதுக்காரி, டவுன் பஸ் ஓட்டுகிறவள். வீடுகளுக்கு நடுவே அவ்வளவு குறுகல் என்பதால் தன் ஜன்னலிலிருந்தே சூப் சட்டியை நீட்டினாள். ஜெபா வாங்கிக்கொண்டு ரசத்தை நீட்டினாள். கராமாவில் அந்த ரசம் என் தட்டில்தான் முதலில் விழும்.

ஆன்யா என்னைக் காட்டி ஜெர்மனில் கேட்டாள், "உன் மாடி அறைக்கு வரப்போவது இவள்தானா?"

"இல்லை," என்றாள் ஜெபா. "இவள் முயற்சியை விட்டுவிட்டாள்."

நான்கு வருடத்தில் எல்லாம் மறந்திருப்பேன், எனக்குப் புரியாது என்று நினைத்திருக்கிறாள். "நான் விடவில்லை," என்று எனக்குத் தெரிந்த உடைந்த ஜெர்மனில் சொன்னேன். ஆன்யா மெதுவாக ஜன்னலைச் சாத்திக்கொண்டாள்.

"அவகிட்ட போய் அப்பிடிச் சொல்லுத?" என்று கத்தினேன்.

"வேற என்னன்னு சொல்ல? நாலு வருசமா பரீட்சைய எழுது, எழுதுன்னு தலபாடா அடிச்சுக்கிடுதேன். நீ போனக்கூட எடுக்க மாட்டேங்குத."

"ஆமா, எடுக்கல. பொறாமையா இருக்குட்டி. இந்த ஜன்னலப் பாத்தாலே வயிறு எரியுது."

ஜெபா அடுப்பை அணைத்தாள். கண் கலங்கியிருந்தது. "எரியட்டும். மாடிய யாருக்கும் குடுக்காம நாலு வருசமா ஏன் பூட்டி வச்சிருக்கேன்? இங்க வந்து எரி."

இரண்டு தட்டை எடுத்து வைத்தாள். சூப்பையும் ரசத்தையும் சேர்த்துச் சாப்பிட்டோம். அப்படிச் சாப்பிடாதீர்கள், நன்றாக இல்லை.

போகிறவர்களுக்கு: சந்துகளைப் பார்க்கக் கட்டணம் கிடையாது. ஆனால் உள்ளே ஆட்கள் குடியிருக்கிறார்கள். சத்தம் போடாதீர்கள், ஜன்னலுக்குள் கேமராவை நீட்டாதீர்கள். சில சந்துகளுக்குக் கதவு உண்டு, பகலிலேயே பார்த்துவிடுங்கள். கல் பாவிய தரை, குதிகால் செருப்பு வேண்டாம். விசாவுக்கு முன்கூட்டியே அப்பாயின்ட்மென்ட் எடுத்துவிடுங்கள்.

பார்த்துவிட்டு வந்தால் பொறாமை தீரும் என்று நினைத்தேன். தீரவில்லை. துபாய் திரும்பிய வாரமே மறுபடி வகுப்பில் சேர்ந்தேன். ஏன் ஜெர்மன் படிக்கிறீர்கள் என்று வாத்தியாரம்மா ஒவ்வொருவராகக் கேட்டார். சம்பளம், குடும்பம் என்றார்கள். என் முறை வந்தது. பொறாமைப்படுகிறவளுக்கு ஜெர்மனில் என்ன சொல் என்று அவரிடமே கேட்டேன். "நைடிஷ்" என்றார். எழுந்து நின்று, அதை வைத்து ஒரு முழு வாக்கியம் சொன்னேன். இலக்கணம் சரியாக இருக்கிறது என்றார்.