ஆறாவது மாடியில் வரப்பைத் தேடினோம்

கட்டட வேலைக்குப் புதிதாக வரும் பெண்கள் என்னிடம் முதலில் கேட்பது, “உயரம்னா பயமா இருக்காதாக்கா?” என்பதுதான். இருக்கும். எனக்கு முதல் மாடியிலேயே இருந்தது. ஆறாவது மாடியில் என்ன ஆனது என்று சொல்கிறேன், கேளுங்கள்.

1. நடவு இல்லாத வருஷம்

எழுபதுகளின் கடைசி. புதுச்சேரிப் பக்கம் எங்கள் பாகூர் ஏரி வறண்டு கிடந்தது. நடவும் இல்லை, களையெடுப்பும் இல்லை. எங்கள் தெருப் பெண்கள் எல்லாரையும் அஞ்சலையக்காதான் மெட்ராஸுக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஊரில் அவர் நடவுக்கு ஆள் சேர்த்துக் கூட்டிக்கொண்டு போகிறவர். வயலில் அவர் குரலை எடுத்தால் அடுத்த வயல்காரிகளுக்கும் கை வேகமாகும்.

வேலை கொடுத்தவர் ரகீம் பாய். வில்லியனூரில் ஆணி, கம்பி விற்ற கடைக்காரர், மெட்ராஸில் கான்ட்ராக்டர் ஆகிவிட்டார். எங்கள் சைட் மவுண்ட் ரோட்டை ஒட்டி இருந்தது. அப்போது அந்த ரோட்டில் மழைக்குப் பின் காளான் முளைப்பதுபோலக் கட்டடங்கள் முளைத்துக்கொண்டிருந்தன. பொங்கலுக்கு ஊருக்குப் போய்த் திரும்பினால், போகும்போது வானம் இருந்த இடத்தில் அடுத்த தளத்துக்கு அடித்த சென்ட்ரிங் பலகை தெரியும். எங்களுக்கு எதிரே இன்னொரு கட்டடம். அவர்கள் ஒரு தளம் போட்டால் நாங்கள் ஒன்று போடுவோம். யாரும் பந்தயம் கட்டவில்லை, ஆனால் எல்லாரும் பந்தயத்தில் இருந்தோம். சும்மா சொல்லக்கூடாது, குஷியாகத்தான் இருந்தது.

எனக்கு மட்டும் ஒரு தொல்லை. ஓரத்துக்குப் போனால் தலை சுற்றும். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் கீழே ஜல்லி அலசப் போட்டுவிடுவார்கள். அதனால் மாடியில் எப்போதும் ரோட்டுக்கு முதுகைக் காட்டியே நிற்பேன். மாசக்கணக்கில் வேலை செய்தும் மெட்ராஸை மேலிருந்து நான் பார்த்ததே இல்லை.

2. எங்கள் தளம்

அதுவரை நாங்கள் வேறொரு மேஸ்திரியின் ஆட்களுக்குப் பாண்டில் கலவை தூக்கிக் கொடுத்தவர்கள்தான். அவர்கள் எதிர்க் கட்டடத்துக்குத் தாவிவிட்டார்கள். பாய் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அஞ்சலையக்கா போய் முன்னால் நின்றார்.

“ஆறாவது தளத்த எங்க கையில உடு பாய். நாங்க போடறோம்.”

“தளம் போடறது இன்னா நாத்து நடறதா அஞ்சல?”

“அத்த நாங்க போட்டப்புறம் சொல்லு.”

பாய் சிரித்தார். ஆனால் கறாராகத்தான் பேசினார்: “சுத்தமா வந்தா மேல இருக்கற மாடி பூரா உங்களுக்கு. ஒரு கால் தடம் பட்டுதுன்னா மறுநாளே பாகூர் பஸ்ஸுல ஏத்தி உட்ருவேன்.”

பஸ் ஏறினால் போகுமிடத்தில் தண்ணீர் இல்லை. எங்களுக்கு அது நன்றாகத் தெரியும்.

காலையில் மிக்ஸர் மிஷினுக்கு எலுமிச்சம்பழம் வைத்துக் கற்பூரம் காட்டித் தொடங்கினோம். மாடிப்படி பின்பக்கம். கலவையை மேலே தூக்கும் ஹாய்ஸ்ட் ரோட்டுப் பக்கம். படிப் பக்கம் ஆரம்பித்து, ஹாய்ஸ்ட் பக்கமாகப் பின்வாங்கிக்கொண்டே வர வேண்டும். பின்னால் நகர்வது எங்களுக்குப் புதிதா? பிறந்ததிலிருந்து அப்படித்தான் நட்டிருக்கிறோம். அஞ்சலையக்கா நடவுப் பாட்டை எடுத்தார். பாண்டு கை மாறிக் கை மாறிப் பறந்தது. கலவையை அதிரவைத்து இறுக்கும் வைப்ரேட்டர் சத்தத்தையும் மீறிப் பாட்டுக் கேட்டது. எதிர்க் கட்டடத்து ஆட்கள் வேலையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். மட்டம் தேய்க்கப் பாய் கூட்டி வந்த கொத்தனார்களுக்கு எங்கள் வேகத்தில் மூச்சு வாங்கியது.

வெயில் சாயும் முன்பே கடைசிப் பாண்டு கொட்டியாகிவிட்டது. குலவை போட்டோம்.

3. வரப்பு எங்கே?

குலவை அடங்கியதும்தான் திரும்பிப் பார்த்தோம். எதிரே ஈரக் கான்கிரீட், கண்ணாடி மாதிரி. அதற்கு அந்தப் பக்கம் மாடிப்படி. நாங்கள் எல்லாரும் இந்தப் பக்க ஓரத்தில், ஒரு பலகை மேல்.

வயலில் எந்தப் பக்கம் நட்டு முடித்தாலும் காலில் ஒரு வரப்பு தட்டும், ஏறிப் போய்விடலாம். இங்கே வரப்பு இல்லை. பழைய ஆட்கள் வேலையைத் தொடங்கும் முன்பே ஹாய்ஸ்ட் பக்கச் சாரத்தில் ஏணி கட்டிவிடுவார்களாம். பாண்டு தூக்கிய நாங்கள் அதைக் கவனித்ததே இல்லை. ஹாய்ஸ்டில் ஆள் ஏறக்கூடாது. கொத்தனார்கள் சாரத்துக் கழியைப் பிடித்துச் சறுக்கி இறங்கிவிட்டார்கள். புடவை கட்டிய நாங்கள் என்ன செய்வது?

கீழேயிருந்து பாயின் குரல் வந்தது. “பிரியாணி ஆறுது, எறங்கி வாங்க!”

“வழி இல்ல பாய்!”

“இன்னா?”

“வழியே இல்ல பாய்!”

ஒருத்தி சிரித்தாள். அது தொற்றிக்கொண்டது. ஆறு மாடி உயரத்தில் ஒருத்தியை ஒருத்தி பிடித்துக்கொண்டு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம்.

பாய் சாரக்காரரை அனுப்பி, ஐந்தாவது மாடியிலிருந்து ஒரு மூங்கில் ஏணியை வெளிப்பக்கமாகக் கட்ட வைத்தார். ஒவ்வொருத்தியாக இறங்கினார்கள். கடைசியில் நானும் அஞ்சலையக்காவும்தான். தெரியாத்தனமாகக் கீழே பார்த்துவிட்டேன். ரோடு சுழன்றது. பஸ்ஸெல்லாம் பக்கவாட்டில் ஓடின. எனக்குத் தெரிந்ததெல்லாம் எதிரே இருந்த மாடிப்படிதான். நாலு எட்டில் ஓடிவிடலாம். காலைத் தூக்கிவிட்டேன்.

அஞ்சலையக்கா கொத்தாக என் முந்தானையைப் பிடித்து இழுத்தார்.

“கால வச்சியினா மொத்தத் தெருவும் ஊருக்குப் போவணும்டி!”

“தல சுத்துதுக்கா. என்னால முடியல.”

“நடவுல கீழ குனிஞ்சிக்கினு பின்னால போறியே, என்னைக்காவது திரும்பிப் பாத்தியா? குதிகால் சொல்லுதில்ல? ஏணியும் அதான்டி. செவுத்தப் பாத்துக்கினு பின்னாலயே போ.”

பாட்டை எடுத்தார். நானும் பாடினேன், அழுதுகொண்டே. குதிகால் துழாவியது, ஏணிப் படி தட்டியது. அடுத்தது தட்டியது. ஐந்தாவது மாடித் தரையில் நின்றபோது எதிர்க் கட்டடத்தில் கை தட்டினார்கள்.

பிரியாணி ஆறித்தான் போயிருந்தது. அதுபோல ருசியாக நான் அப்புறம் சாப்பிட்டதில்லை.

4. மறுநாள்

தளம் காயாமலிருக்கத் தண்ணீர் கட்ட வேண்டும். அதற்குச் சிமெண்ட் கலவையால் விரல் உயரத்துக்குக் கரை பிடித்துப் பாத்தி பாத்தியாகத் தண்ணீர் நிறுத்துவார்கள். அஞ்சலையக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தார்.

“நேத்து தேடினமே, வரப்பு. தோ கீது பாரு. நாத்து மட்டும் இருந்தா நட்ருவேன்டி.”

நான் குனிந்து தண்ணீரைப் பார்த்தேன். மவுண்ட் ரோட்டுக் கட்டடங்கள் எல்லாம் அதில் தலைகீழாக நின்றன. பாதி எழுந்தவை, கம்பி நீட்டியவை, அவற்றுக்கு மேல் வானம். அவ்வளவு அழகாக இருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லவே இல்லை. தலை சுற்றவில்லை. மெதுவாக நிமிர்ந்து நேராகவும் பார்த்தேன். லேசாகச் சுற்றியது, பரவாயில்லை.

பாய் படியேறி வந்தார். தளத்தை இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை குனிந்து பார்த்தார். ஒரு தடம்கூட இல்லை.

“ஏழாவது எப்ப போடலாம் அஞ்சல?”

அஞ்சலையக்கா வாயைத் திறக்கும் முன் நான் சொல்லிவிட்டேன்.

“மொதல்ல ஏணியக் கட்டு பாய்.”