மாமனார் காவல் காத்த மூங்கில்

உடைந்த ஆட்டுக்கல்லை இன்றைக்கு எங்கே பார்த்தாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவேன். எங்கள் வீட்டில் ஒன்று இருந்தது. நான் கல்யாணமாகி வந்த வருஷமே அதன் விளிம்பு தெறித்துப் போனது. மருமகள் வந்த ராசி என்று என் மாமியார் போகிறவர் வருகிறவர் எல்லாரிடமும் சொல்லி மகிழ்ந்தார். அந்தக் கல்லை ஒருநாள் என் மாமனார் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். ரயில் தண்டவாளம் எங்கள் ஊர் வண்டிப்பாதையைக் குறுக்கே வெட்டுகிற இடத்தில், கம்பங்கள் நட்டு ஏற்றம்போல மாட்டிய ஒரு நீண்ட மூங்கிலின் அடிமுனையில் அதை வைத்துக் கட்டினார். கல்லின் கனத்தில் மூங்கிலின் நுனி தானாக மேலே எழும்பி நின்றது. கயிற்றைப் பிடித்து இழுத்தால் கீழே வந்து பாதையை மறித்தது. கோயில் மதிலுக்கு அடிப்பது போலச் சுண்ணாம்பும் காவியுமாகப் பட்டை அடித்தார்கள். ஐம்பதுகளில், பொன்னேரிக்கு வடக்கே இருந்த எங்கள் ஊருக்கு ரயில்வே கேட் வந்த கதை இவ்வளவுதான். சர்க்கார் போடவில்லை, நாங்களே போட்டுக்கொண்டோம்.

வேலையத்துப் போய்ப் போட்டுக்கொள்ளவில்லை. அந்த இடத்தில் தண்டவாளம் வளைந்து வரும். இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்குக் கருவேலம் புதர். எஞ்சின் தலைமேல் வந்து நிற்கிறவரை கண்ணுக்குத் தெரியாது. எங்கள் நிலத்தில் பாதி தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம். பொன்னேரிச் சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் விறகுத் தொட்டிக்கும் அதைத் தாண்டித்தான் போகவேண்டும். ஓர் அறுவடையில் நெல் பாரத்தோடு ஒரு வண்டி அங்கே மாட்டிக்கொண்டது. ஓட்டியவர் குதித்துத் தப்பினார், மாடு இரண்டும் போயின. ஊர்ப் பெரியவர்கள் வேட்டியை வெளுத்துக் கட்டிக்கொண்டு கிளம்பினார்கள். ரயில் இலாகாவில், பாதை எங்களுடையது இல்லை, ரோட்டுக்காரர்கள் பணம் கட்டினால் கேட் போடலாம் என்றார்கள். திருவள்ளூருக்குப் போய் ரோட்டு இலாகாவில் கேட்டால், தண்டவாளம் போட்டவர்களைப் போய்க் கேளுங்கள் என்றார்கள். இப்படியே ஒரு வருஷம் அலைந்து, இவர்கள் வேட்டி அழுக்கானதுதான் மிச்சம்.

என் மாமனாருக்குத் திறந்து கிடக்கும் எதைப் பார்த்தாலும் ஆகாது. மாட்டுக்கொட்டகைப் படலோ, உப்புச் சாடியின் மூடியோ, பக்கத்து வீட்டு வாசல் கதவோ, திறந்து கிடந்தால் அவரே போய்ச் சாத்திவிட்டு, திறந்துபோட்டவர்களை ஒரு பாட்டம் திட்டிவிட்டு வருவார். வாயைத் திறந்தால் ஏச்சு, இல்லாவிட்டால் மௌனம். என்னிடம் முதல் வருஷம் முழுக்க நேராக ஒரு வார்த்தை பேசியதில்லை. சர்க்காரை நம்பினது போதும், ஏரி மடைக்கு முறை வைக்கிற மாதிரி தண்டவாளத்துக்கும் முறை வைத்தால் போச்சு என்று ஊர்க்கூட்டத்தில் சொன்னவர் அவர்தான். மழைக்காலத்தில் வீட்டுக்கு ஒருவர் முறை போட்டு ஏரிக்கரை காப்பது எங்கள் பக்கத்து வழக்கம். அதே மாதிரி இதையும் காப்பது என்று முடிவானது. எந்த ரயில் எப்போது வரும் என்பது ஊரில் எல்லாருக்கும் மனப்பாடம். வழக்கத்தில் இல்லாத ஸ்பெஷல் வண்டி ஏதாவது வருவதாயிருந்தால், ஸ்டேஷனில் வேலை பார்த்த ஒரு நல்ல மனுஷன் பால்காரரிடம் சொல்லி அனுப்புவார். அது அவராகச் செய்த உபகாரம். எங்களுக்குச் சொல்லியனுப்ப வேண்டும் என்று எந்தச் சட்டமும் கிடையாது.

கொஞ்ச நாளில் முறை தேய்ந்தது. இவனுக்குக் களத்தில் வேலை, அவனுக்கு மச்சினன் கல்யாணம். கடைசியில் எல்லா முறையும் என் மாமனார் தலையிலேயே விழுந்தது. ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி என்று மாமியார் முணுமுணுப்பார். இவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஒருநாள் தண்டவாளத்தின் மேலேயே தள்ளுவண்டியில் வந்த ஒரு ரயில் அதிகாரி, இறங்கி மூங்கிலைப் பார்த்து, ரொம்ப நல்ல காரியம் பெரியவரே என்று தட்டிக்கொடுத்துவிட்டுப் போனாராம். அன்று சாப்பாட்டில் அதைச் சொல்லிவிட்டு என் மாமனார் சிரித்தார். அவர் பல்லை நான் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். அதற்குப் பிறகு ஊரார் நிஜக் கேட் கேட்டுப் போனபோதெல்லாம், அதான் அங்கே கேட் இருக்கிறதே என்று இரண்டு இலாகாவும் ஒரே குரலில் சொல்லிவிட்டன. அந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவர்களுக்குள் ஒற்றுமை வந்தது.

இன்னொன்றும் நடந்தது, அது யாருக்கும் அப்போது உறைக்கவில்லை. மூங்கில் வருவதற்கு முன்பு, அந்தத் தண்டவாள மேட்டில் ஏறுகிற எவரும் வண்டியை நிறுத்தி, இறங்கி நடந்துபோய் இரண்டு பக்கமும் பார்த்து, காது கொடுத்துக் கேட்டு, அப்புறம் மாட்டைக் கையில் பிடித்துத்தான் தாண்டுவார்கள். மூங்கில் வந்ததும் அந்தப் பயம் போய்விட்டது. மூங்கில் கீழே இருந்தால் நில், மேலே இருந்தால் போ. குழந்தைகளுக்குக் கூட அப்படித்தான் சொல்லிக்கொடுத்தோம்.

அறுப்பு முடிந்து களத்தில் நெல் போரடித்துக்கொண்டிருந்த சமயம் அது. பகல் பாசஞ்சர் போனதும் மாமனார் மூங்கிலைத் தூக்கிவிட்டுக் களத்துக்கு வந்துவிட்டார். இனிச் சாயங்காலம்வரை வண்டி இல்லை. நான் களத்துக்குக் கஞ்சி எடுத்துக்கொண்டு அந்தப் பாதையில்தான் வந்தேன். எதிர்வீட்டு அண்ணன் சவுக்குக்கட்டை ஏற்றிக்கொண்டு பொன்னேரி விறகுத் தொட்டிக்குப் போய்க்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், கஞ்சியில் உப்புப் போட்டாயா, இல்லை உன் மாமனார் திட்டுகிறதே போதும் என்று விட்டுவிட்டாயா என்று கேட்டார். எப்போதும் அப்படித்தான் கேலி பேசுவார். மேட்டடியில் ஒரு கணம் நிறுத்தி, தலையை நிமிர்த்தி மூங்கிலைப் பார்த்தார். அது மேலே இருந்தது. மாட்டைத் தட்டினார். நான் பத்தடி கூட நடந்திருக்க மாட்டேன். பின்னால் கேட்ட சத்தத்தைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை. பெரிய அதிகாரிகள் பாதையைப் பார்வையிட வந்த ஸ்பெஷல் என்று பிறகு பேசிக்கொண்டார்கள். நிஜமா, யாராவது கட்டிவிட்ட கதையா தெரியாது. பால்காரரிடம் யாரும் எதுவும் சொல்லியனுப்பவில்லை என்பது மட்டும் தெரியும்.

அண்ணன் அங்கேயே போய்விட்டார். மூன்றாம் நாள் போலீஸ் வந்து என் மாமனாரைக் கூட்டிக்கொண்டு போனது. கேட்டைக் காத்தவர் கவனக்குறைவாகத் திறந்து வைத்ததால் உயிர் போனது என்று கேஸ். வேலியில போற ஓணான எடுத்து வேட்டிக்குள்ள வுட்டுக்கினியே என்று மாமியார் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். ஜாமீனில் எடுத்தோம். ஜெயிலுக்குப் போனால் இந்த வயதில் திரும்பி வரமாட்டார் என்று என் வீட்டுக்காரர் அலைந்து திருவள்ளூரில் ஒரு வக்கீலைப் பிடித்தார். வக்கீல் கெட்டிக்காரர். விஷயத்தைக் கேட்டதும், இது ஒன்றுமே இல்லாத கேஸ் என்றார். ரயில் இலாகாவின் கணக்குப்படி அந்த இடத்தில் கேட்டே கிடையாது. கேட் இல்லையென்றால் அதைக் காக்க ஆள் ஏது? மாடு தண்டவாளத்தில் ஏறாமலிருக்கக் கட்டின மூங்கில் அது என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது. இலாகாவின் சாட்சியும் அதைத்தான் சொல்லும், ஏனென்றால் கேட் இருந்தது என்று ஒத்துக்கொண்டால் அவர்கள் கழுத்தில் கத்தி விழும். அப்போது பழி யார்மேல் போகும் என்று என் மாமனார் கேட்டார். கேட் இல்லாத இடத்தைக் கடப்பவர் தானே பார்த்துக் கடக்கவேண்டும் என்பதுதான் சட்டம் என்றார் வக்கீல். மாமனார் எழுந்து நின்றுவிட்டார். வக்கீல் அவர் தோளைப் பிடித்து உட்காரவைத்து, “செத்தவன் வந்து சாட்சி சொல்லப் போறானா? உசிரோட இருக்கிறவரைப் பார்ப்போம்” என்றார்.

வீடே அவரைச் சூழ்ந்துகொண்டு கெஞ்சியது. மாமியார் அவர் காலில் விழுந்தார். என் வயிற்றில் அப்போது முதல் குழந்தை. அதன் முகத்தைப் பார்க்க வேண்டாமா என்று என்னைக் காட்டியும் கேட்டார்கள். கோர்ட்டில் மாமனார் வக்கீல் சொன்னபடியே சொன்னார். ஊரும் அப்படியே சொன்னது. என்னை யாரும் சாட்சிக்குக் கூப்பிடவில்லை. ஊரில் இரண்டு மாடு செத்தபோது எங்களை வாசலோடு அனுப்பிய இலாகாவும், என் மாமனாரும், அன்று ஒரே பக்கம் நின்று ஒரே பேச்சைப் பேசினார்கள். அந்த இடத்தில் கேட் என்று எதுவும் இருந்ததில்லை என்றும், வண்டி ஓட்டியவர் இரண்டு பக்கமும் பார்க்காமல் அஜாக்கிரதையாகக் கடந்ததே விபத்துக்குக் காரணம் என்றும் தீர்ப்பானது. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று சொந்தக்காரர்கள் சர்க்கரை வாங்கி வந்தார்கள். தீர்ப்பு வருவதற்கு முந்தியே எங்கள் ஆட்கள் மூங்கிலையும் கம்பங்களையும் பிடுங்கி எரித்துவிட்டிருந்தார்கள்.

மாமனார் சர்க்கரையைத் தொடவில்லை. மறுநாள் காலையில் குளித்துவிட்டு, தெருவைக் கடந்து எதிர்வீட்டு வாசலில் போய் நின்றார். அண்ணன் பெண்சாதி, நான் அக்கா என்று கூப்பிடுகிறவர், முறத்தில் ஏதோ புடைத்துக்கொண்டிருந்தார். தெருவே வேடிக்கை பார்த்தது. தப்பு என்னுது, மூங்கிலைத் தூக்கிவிட்டுப் போனது நான்தான், உன் புருஷன்மேல் ஒரு குற்றமும் இல்லை என்று உரக்கச் சொன்னார். அந்த மனுஷர் யாரிடமும் அப்படித் தணிந்து நின்று நான் பார்த்ததில்லை. அக்கா அழவில்லை. முறத்தைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்:

“எங்கிட்ட சொல்லி இன்னா மாமா ஆவுது? அது எனக்குத் தெரிஞ்சதுதானே. கண்ண மூடிக்கினு ஓட்டினவன்னு எழுதி வெச்சுட்டாங்க. எழுதற எடத்துல போய்ச் சொல்லுங்க.”

அன்றிலிருந்து என் மாமனார் எழுதுகிற இடத்தைத் தேடி அலைந்தார். வக்கீலிடம் போனார். விடுதலையான கேஸை யாரும் தொடமாட்டார்கள், பேசாமல் வீட்டில் இருங்கள் என்றார் வக்கீல். போலீஸ் ஸ்டேஷனில் போய், நான் கோர்ட்டில் பொய் சொன்னேன், என்னைப் பிடித்து உள்ளே போடுங்கள் என்றார். பெரிசுக்கு மூளை கலங்கிவிட்டது என்று பஸ் ஏற்றிவிட்டார்கள். பட்டணத்தில் ரயில் ஆபீசுக்குப் போனார். அங்கே கேட் இல்லை என்று தீர்ப்பே இருக்கிறது என்று அவரிடமே காட்டினார்கள். ஊரில் எல்லோரும், விடுதலையை வைத்துக்கொண்டு தண்டனை கேட்டு அலைகிற ஒரே ஆள் என்று சிரித்தார்கள். மாமியார் அவமானத்தில் குறுகிப்போனார். எனக்கும் அப்போது கோபம்தான் வந்தது. கைக்குழந்தையை வைத்துக்கொண்டு, இந்தக் கிழவர் நம்மை நிம்மதியாக இருக்க விடமாட்டாரா என்று நினைத்திருக்கிறேன். திருவள்ளூரில் ரோட்டு இலாகாவில் ஒரு குமாஸ்தா மட்டும் அவரை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தாராம். கொடுத்துவிட்டு நிஜத்தைச் சொன்னாராம்:

“கேட்டு இருந்துச்சுன்னு நாங்க எழுதினா, இத்தினி நாளு நீங்க ஏன் வெக்கலன்னு எங்களக் கேப்பாங்க பெரியவரே. உங்க தப்ப நாங்க எழுதணும்னா எங்க தப்பயும் எழுதணும். ஊட்டுக்குப் போங்க.”

இதை மாமனார் வீட்டுக்கு வந்து என்னிடம்தான் சொன்னார். வேறு யாரும் கேட்கத் தயாராக இல்லை. என்னிடம் அவர் நேராக உட்கார்ந்து பேசியது அன்றுதான். அதற்கப்புறம் அவர் அலையவில்லை. திறந்து கிடந்த கதவுகளைக்கூடச் சாத்தவில்லை. அடுத்த ஆடியில் காய்ச்சல் என்று படுத்தார், எழவில்லை. தூக்கும்போது எதிர்வீட்டு அக்கா வந்தார். தூரத்தில் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

அந்த இடத்தில் வெகு வருஷம் எவரும் ஒரு குச்சிகூட நடவில்லை. காத்தவனைத்தான் பிடிப்பார்கள் என்று தெரிந்த பிறகு யார் காப்பார்கள்? இன்னும் இரண்டு பேர் அங்கே ரயிலில் அடிபட்டுப் போனார்கள். ஒருவர் வளையல்காரர், இன்னொருத்தி பள்ளிக்கூடத்துக்குப் போன பெண். இரண்டு தடவையும் அஜாக்கிரதை என்றே எழுதினார்கள். பிறகு நிஜக் கேட் வந்தது, இப்போது கேட்டும் போய்ச் சுரங்கப்பாதை வந்துவிட்டது. மழை பெய்தால் இடுப்பளவு தண்ணீர். பம்பு வைத்து இறைக்கவேண்டியது நீங்களா நாங்களா என்று இரண்டு இலாகாவும் இன்றைக்கும் கேட்டுக்கொண்டிருப்பதாகப் பேரன் சொல்லிச் சிரிக்கிறான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அக்காவும் போய்ச் சேர்ந்துவிட்டார். அண்ணன் பெயரை அறிந்தவர்கள் ஊரில் இனி அதிகம் இல்லை. அறிந்தவர்களும், அதான் பார்க்காமல் ஓட்டி ரயிலில் அடிபட்டவர் என்றுதான் சொல்கிறார்கள். எழுதற எடம் எது என்று என் மாமனாருக்குக் கடைசிவரை அகப்படவில்லை. என் கையில் இருப்பது இந்தக் காகிதம்தான், இதற்கு முத்திரையும் கிடையாது, மதிப்பும் கிடையாது. இருந்தாலும் நான் பார்த்தவள், எழுதிவிடுகிறேன். அன்றைக்கு மூங்கில் மேலே இருந்தது. தூக்கிவிட்டுப் போனவர் என் மாமனார். அங்கே ஒரு கேட் தேவை என்று தெரிந்தும் போடாதவர்கள் இரண்டு இலாகாக்காரர்கள். எதிர்வீட்டு அண்ணன் வண்டியை நிறுத்தினார், தலையை நிமிர்த்திப் பார்த்தார், பார்த்துத்தான் ஓட்டினார்.