மோதிரம் விழுந்த இடம்

எங்கள் வீட்டில் ஒரு பொருள் தொலைந்தால், தேடுவதற்கு முன் அது எங்கே கிடக்கிறது என்று சண்டை பிடித்து முடிக்க வேண்டும். சாவியோ சீப்போ, எதுவானாலும் இதே கதைதான். ஆனால் அக்காவின் மோதிரம் திருகோணமலைத் துறைமுகத்துத் தண்ணீருக்குள் விழுந்த அன்று இவர்கள் அடித்த கூத்தை நினைத்தால் எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

லேசுப்பட்ட மோதிரமல்ல அது. லண்டன் மாப்பிள்ளை வாங்கி அனுப்ப, அவருடைய தாயார் வந்து அக்காவின் விரலில் போட்டுவிட்டது. மோதிரம் விழுந்த அன்று பின்னேரம் அவர்கள் கலியாணத்துக்கு நாள் குறிக்க வருவதாக இருந்தது. அக்காவோ அப்போதுதான் உயர்தரப் பரீட்சையில் பௌதிகவியலுக்கு ஏ எடுத்து, பொறியியல் படிக்கக் கம்பசுக்குத் தெரிவாகியிருந்தாள். "பொம்பிளைப் பிள்ளைக்குப் படிச்சது காணும்" என்று அப்பா படிப்பை நிறுத்தச் சொல்லிவிட்டார். மாமாவும் ஓம் என்றார். அம்மா வாயே திறக்கவில்லை. அக்கா அழுதழுது கண் வீங்கிப்போய்த் திரிந்தாள். லண்டன் தூரம் என்றபடியால் அழுகிறாள் என்று நான் நினைத்துக்கொண்டேன். எனக்கு அப்போது பத்து வயது.

காலையில் கட்டைபறிச்சானில் இருக்கும் சொந்தக்காரருக்கு விஷயத்தைச் சொல்லிவிட்டு மாமாவின் படகில் திரும்பி வந்திருந்தோம். எல்லோரும் படகை விட்டு ஜெட்டி மேடையில் ஏறிவிட்டார்கள். கையில் எஞ்சின் எண்ணெய் பட்டுவிட்டது என்று அக்கா குனிந்து கழுவிக் கையை உதறினாள். அளவு தெரியாமல் வாங்கிய மோதிரம் அது, விரலில் நிற்கவே நிற்காது. கழன்று பறந்துபோய்த் தண்ணீரில் விழுந்தது.

"ஐயோ, என்ர பிள்ளையார் அப்பனே!" என்று அம்மா தலையில் கை வைத்தார்.

தண்ணீர் தெளிவாகத்தான் இருந்தது. அடியில் மணலில் மோதிரம் மினுங்குவது எல்லோருக்கும் தெரிந்தது. குதித்து எடுத்துக்கொண்டு வரவேண்டியதுதானே? அது எங்கள் ஆட்களுக்கு ஏலாதே! அப்பா ஒரு இடத்தைக் காட்டினார். ஜெட்டியின் மற்ற மூலையில் நின்ற மாமா வேறோர் இடத்தைக் காட்டினார். "உங்களுக்குக் கண் தெரியாதோ அத்தான்?" என்று மாமா கேட்க, அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. மோதிரம் அப்படியே கிடக்க இரண்டு பேரும் கண்பார்வையைப் பற்றிக் கதைத்துக்கொண்டு நின்றார்கள்.

நான் மட்டும் இன்னும் படகிலேயே இருந்தேன். கட்டிய கயிறு நீளமானபடியால் படகு ஜெட்டியை விட்டுச் சற்றுத் தள்ளி மிதந்தது. ஜெட்டிப் பக்க ஓரத்தால் எட்டிப் பார்த்தேன். மோதிரம் எனக்கு நேர் கீழே கிடந்தது.

"இஞ்ச! எனக்குக் கீழ கிடக்குது!" என்று கத்தினேன்.

"வாயை வைச்சுக்கொண்டு சும்மா இரு" என்றார் அப்பா.

அப்போதுதான் அக்கா பேசினாள். அவள் தானாக வாய் திறந்ததை நாங்கள் கேட்டு எவ்வளவோ நாளாகியிருந்தது. "தண்ணிக்குள்ள ஒளி முறியும் அப்பா. தெரியிற இடத்தில பொருள் இராது. அதுக்கும் அங்கால பாக்கோணும். படகுக்கு அங்கால."

மாமா தலையைச் சொறிந்தார். "ஈட்டியால மீனுக்குக் குத்தேக்க தெரியிற இடத்துக்கு இங்காலதானே பிள்ளை குத்துறனாங்கள்?"

"மீன் அசையும் மாமா. மோதிரம் அசையுமே?"

"அவள் ஏ எடுத்தவள். அவள் சொல்லுறதைக் கேள்" என்றார் அப்பா. படித்தது காணும் என்று சொன்னதும் இதே வாய்தான்!

மாமா படகுக்கு அங்கால் குதித்தார். எங்கள் துறைமுகத்தில் கரையை விட்டுக் கொஞ்சம் விலகினாலே ஆழம் திடீரென்று விழும். வெறுங்கையோடு மேலே வந்து மூச்சு வாங்கினார். "இன்னும் அங்கால மாமா" என்றாள் அக்கா. மறுபடி முங்கினார். நான் தொண்டை கிழியக் கத்தினேன். என்னை இறக்குவதுபோலக் கயிற்றை இழுத்துப் படகைக் கிட்டக் கொண்டுவந்த அக்கா, என் தொடையில் கிள்ளினாள் பாருங்கள், கண்ணால் தண்ணீர் வந்துவிட்டது. "உனக்கு விளங்காது, பேசாம இரு" என்றாள். அதற்குள் மாமா மிதித்த மிதியில் மணலோடு சேறு கிளம்பி அடி தெரியாமல் போய்விட்டது. பிறகு எத்தனை பேர் முங்கியும் மோதிரம் கிடைக்கவில்லை.

பின்னேரம் வந்த மாப்பிள்ளையின் தாயார் விஷயத்தைக் கேட்டு, "போட்ட மோதிரம் கடலோட போனது நல்லதுக்கில்லை" என்று தேத்தண்ணியும் குடிக்காமல் எழும்பிப் போனார். கலியாணம் அதோடு நின்றது. அப்பா சாப்பிடாமல் கதிரையில் சாய்ந்து கிடந்தார். அக்கா நண்டுக் கறியை இரண்டாம் தரம் போட்டுச் சாப்பிட்டாள். இவ்வளவு பெரிய நட்டத்துக்குப் பிறகு இவளுக்கு எப்படிச் சோறு இறங்குகிறது என்று எனக்கு வயிறு எரிந்தது. அடுத்த வரன் அமையும்வரை படிக்கட்டும் என்று அப்பா விட்டுவிட, அவள் கம்பசுக்குப் போனாள்.

நான் பதினோராம் ஆண்டு படிக்கையில் விஞ்ஞான ஆசிரியர் பலகையில் ஒளிமுறிவைக் கீறினார். நான் எழும்பி, "பிழை சேர், பொருள் அங்காலதான் இருக்கும்" என்று சண்டைக்கு நின்றேன். என்னையே கூப்பிட்டுக் கீறச் சொன்னார். செங்குத்துக் கோடான செவ்வனையும் ஒளிக்கதிர்களையும் எப்படி எப்படியோ கீறிப் பார்த்தேன். பொருள் இங்காலதான் வந்தது. வகுப்பு முழுக்கச் சிரித்தது.

வீட்டுக்கு வந்ததும் வராததுமாக அக்காவுக்குப் போன் எடுத்தேன். "எல்லாத்தையும் மாறிச் சொல்லிப்போட்டாய்! சரியாச் சொல்லியிருந்தா மோதிரம் கிடைச்சிருக்கும்!"

அக்கா, "ஓமடி, கிடைச்சிருக்கும்" என்று சொல்லிச் சிரித்தாள்.

நான் போனை வைத்துவிட்டுக் குசினிக்குள் ஓடினேன். ஏ எடுத்தவள் விட்ட பிழையை அம்மாவிடம் ஒன்றும் விடாமல் சொன்னேன். தேங்காய் துருவிக்கொண்டிருந்த அம்மாவின் கை நின்றது. அப்பா வருகிறாரா என்று வாசல் பக்கம் ஒருதரம் பார்த்துக்கொண்டார். "கொப்பரிட்ட இதைச் சொல்லிப்போடாத" என்று மெல்லமாகச் சொன்னவர், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கத் தொடங்கினார். ஒரு பெரிய பிழையைக் கண்டுபிடித்துக்கொண்டு வந்து சொன்னால் தாயும் மகளுமாக எதற்குச் சிரிக்கிறார்கள் என்று எனக்கு ஒரே எரிச்சலாக இருந்தது.