சைக்கிளை விட்டு இறங்காதவன்

என் தம்பி தனிஸ்லாஸைப் பற்றிப் பேச வருகிறவர்கள் ‘அந்த நொண்டி’ என்று ஆரம்பித்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கால்தான் குட்டை, ஆள் குட்டையில்லை. சின்ன வயதில் வந்த ஒரு காய்ச்சல் அவன் இடது காலைச் சூம்ப வைத்துவிட்டுப் போனது. அதற்குப் பிறகு அந்தக் கால் சரியாக வளரவே இல்லை. அப்பா அம்மா போய்ச் சேர்ந்த பின் கதிர்காமத்தில் என் வீட்டில்தான் இருந்தான். முதலியார்பேட்டை மில்லில் நூல் சுற்றுகிற வேலை. சங்கு ஊதுவதற்குள் போய்ச் சேர, ஊர் எழுந்திருக்கும் முன்பே கிளம்பிவிடுவான். சாய்ந்து சாய்ந்து அவன் திரும்பி வரும்போது தெருப் பிள்ளைகள் பின்னாலேயே அதே மாதிரி நடந்து காட்டும். நான் விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு துரத்துவேன். அவன் திரும்பியே பார்க்க மாட்டான்.

1934-இல் ஒரு வெள்ளைக்கார முசியே, துரை, அவர் வீட்டுச் சமையல்காரர், துருப்பிடித்து ஓட்டையாகிப்போன பிரெஞ்சு சைக்கிள் ஒன்றை இவன் தலையில் கட்டினார். இவன் அதைத் தள்ளிக்கொண்டு வந்து முற்றத்தில் போட்டான்.

“வாடகை சைக்கிளெல்லாம் ரெண்டு காலும் சரியா இருக்கிறவனுக்குத்தான்க்கா. எனக்கு நானே செஞ்சிக்கிறேன்.”

“செய்யி, செய்யி. அப்படியே ஒரு ஏரோப்பிளானும் செஞ்சிக்கோ” என்றேன்.

சாக்கை விரித்து எல்லாவற்றையும் கழற்றிப்போட்டான். மாட்டத் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்தால் நேரே சாக்குதான். சக்கரத்தில் ஒரு கம்பியை முறுக்கினால் இன்னொரு பக்கம் கோணிக்கொள்ளும். அதை நிமிர்த்தினால் இது கோணும். தலையில் அடித்துக்கொண்டு முதலிலிருந்து ஆரம்பிப்பான். கொட்டாங்கச்சியில் போட்டு வைத்திருந்த இரும்புக் குண்டுகளில் ஒன்று குறைந்தது. கோழிதான் விழுங்கியிருக்கும் என்று என் கோழியையே முறைத்துக்கொண்டிருந்தான். “அது மேல கை வெச்சே, ஒனக்குச் சோறு கெடையாது” என்றேன். இடது பெடலைக் கழற்றும்போது அரைநாள் மல்லுக்கட்டினான். அப்புறம் அதில் பொடியாக வெட்டியிருந்த ‘G’ எழுத்தைப் பார்த்துவிட்டு, “கோஷ்! அப்படின்னா எடது பக்கத்துதுக்கா! இத எதிர்ப்பக்கமாத் திருகணும்!” என்று கத்தினான். கோயில் பள்ளிக்கூடத்தில் படித்த பிரெஞ்சு அவனுக்கு உதவியது அந்த ஒரு தடவைதான்.

குட்டைக் காலுக்கு எட்ட வேண்டுமே. பெடலைத் தாங்குகிற இரும்புக் கை இருக்கிறதே, கிராங்கு, இடது பக்கத்துக்கு மட்டும் அது கட்டையாக வேண்டும். கடலூர்ப் பழைய இரும்புக் கடையில் ஒரு இங்கிலீஷ் சின்னப்பிள்ளை சைக்கிளிலிருந்து அதைத் தேடிப் பிடித்து வந்தான். அங்கேதான் சனி பிடித்தது. பிரெஞ்சுக்காரன் திருகு மரை வேறாம், இங்கிலீஷ்காரன் மரை வேறாம். பிரெஞ்சுப் பெடல் அந்தக் கிராங்கில் உள்ளே போனது, ஆனால் லொடலொடவென்று ஆடியது. வேறொரு ஆளாக இருந்தால் வேறு பெடல் தேடியிருப்பான். இவன் நூல் சுற்றுகிறவனாயிற்றே! மில் நூலைக் கிரீசில் தோய்த்து, மரை மேல் இறுக்கிச் சுற்றித் திருகிவிட்டான்.

“நிக்குமாடா?”

“நம்ம மில்லு நூலுக்கா. யானையக் கட்டலாம்.”

அதில் ஏறி உட்கார்ந்தான் பாருங்கள், என் வயிறு குளிர்ந்துவிட்டது. முதுகு நிமிர்ந்து, சட்டை காற்றில் உப்பி, யார் வீட்டுப் பிள்ளையோ போகிறது என்று நினைக்கத் தோன்றும். அதற்குப் பிறகு அவனை வண்டியிலிருந்து இறக்குவது பெரும்பாடு. நின்றால்கூடச் சுவரில் நல்ல காலை ஊன்றிக்கொண்டு மேலேயே இருப்பான்.

மில்லிலிருந்து திரும்புகிற வழியில் நெல்லித்தோப்பில் ஒரு வீட்டு வாசலில் ஆனந்தமேரி என்றொரு பெண் லேஸ் பின்னிக்கொண்டிருப்பாள். இவன் மணியடிப்பான், அவள் நிமிர்ந்து பார்ப்பாள். மாதாக் கோயில் திருவிழாவில் அவள் அம்மா ரோசா என்னைப் பிடித்துக்கொண்டாள். “சைக்கிள்ல போறாரே ஒங்க தம்பி, எங்கயாச்சும் பொண்ணு பேசியிருக்கீங்களா?” என்று கேட்டாள். வீட்டுக்கு வந்து சொன்னதும் அவன் முகம் வெளுத்துப் போனது.

“காலப் பத்தி நீ சொல்லாதக்கா. நானே அவகிட்ட சொல்றேன். சொன்ன பெறவு வேணான்னா வேணாம்.”

“சரி, இன்னிக்கே சொல்லு.”

“சொல்றேன்.”

எங்கே சொன்னான்! சொல்ல வேண்டுமானால் இறங்க வேண்டும். தினமும் போவான், மணியடிப்பான், போய்விடுவான். “இன்னிக்காவது எறங்கினியாடா?” என்று கேட்டால் சாப்பாட்டுத் தட்டைப் பார்ப்பான்.

ஒரு நாள் அவள் வாசலுக்கு எதிரிலேயே அந்த நூல் விட்டது. இடது பெடல் மரையைப் பிய்த்துக்கொண்டு தெறித்து விழ, இவனும் வண்டியோடு விழுந்தான். எழுந்து, வண்டியைப் பிடித்துக்கொண்டு, சாய்ந்து சாய்ந்து அந்தத் தெரு முழுக்க நடந்தே வெளியே வந்திருக்கிறான். அவள் எழுந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தாளாம். வீட்டுக்கு வந்தவன் சோற்றைத் தொடவில்லை.

மறுநாள் அவன் மில்லுக்குப் போன பிறகு ஆனந்தமேரியே வந்தாள். கையில் அந்தப் பெடல்.

“ஒங்கள ஏமாத்தணும்னு இல்லம்மா, சொல்லத்தான் இருந்தான்...” என்று நான் இழுத்தேன்.

“என்ன சொல்ல இருந்தாரு? ஒரு முட்டி மேல வருது, இன்னொரு முட்டி பாதியிலயே எறங்கிடுது. லேசு பின்னுறவ கண்ணுக்கு இதுகூடவா தெரியாது? மொத நாளே பாத்துட்டேன். அம்மாவுக்கும் தெரியும். ஞாயித்துக்கெழம அவரையே வந்து பேசச் சொல்லுங்க.”

அந்தப் பெண்ணைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்தேன். அவன் வந்ததும் வராததுமாக எல்லாவற்றையும் சொன்னேன். இடிந்துபோய் உட்கார்ந்துவிட்டான்.

“அப்ப இத்தன நாளும் பாவமேன்னுதான் பாத்திருக்கா.”

“அட மடையா! கட்டிக்கிறேன்னு வூடு தேடி வந்திருக்காடா!”

“என்னால அந்தத் தெருவுல நடந்து போவ முடியாதுக்கா.”

திட்டினேன், கெஞ்சினேன், காலில் விழுவதுபோல் குனிந்தேன். ஊஹும். பொருத்தமான பெடல் ஒன்றைத் தேடி மாட்டிக்கொண்டான், மில்லிலிருந்து சுற்றுவழியில் வரத் தொடங்கினான். கல்யாணம் வைக்காத தவக்காலம் முடியும்வரை ஆனந்தமேரி காத்திருந்தாள். பெரியவர்கள் எத்தனை நாள் விடுவார்கள்? பாஸ்காத் திருநாள் முடிந்ததும் காரைக்காலில் ஒருவனுக்குக் கொடுத்துவிட்டார்கள்.

கல்யாணத்துக்கு நான் மட்டும் போய் வந்தேன். பொழுது சாய்கிற நேரத்தில் அவன் சைக்கிளில் வந்து, சுவரில் காலை ஊன்றி நின்றான். எங்கெங்கோ சுற்றியிருக்கிறான், சட்டையெல்லாம் புழுதி.

“போயிட்டாளா?”

“போயிட்டாடா.”

வெகுநேரம் மணியைத் தடவிக்கொண்டிருந்தான்.

“அக்கா, மொத நாளே பாத்துட்டேன்னா சொன்னா?”

“மொத நாளேன்னுதான் சொன்னா.”

“பாத்துட்டும், மறுநாளு வாசல்ல வந்து ஒக்காந்தாளேக்கா” என்றான். அப்புறம்தான் அழுதான்.