சிவப்புப் பட்டை போட்ட மரத்தின் பழம்

மரத்தைச் சுற்றிச் சிவப்புச் சாயத்தில் ஒரு பட்டை பூசியிருந்தால் அது சாமி மரம் என்று நம்பினேன். அவுஸ்திரேலியக் கடவுச்சீட்டும் பொறியியல் பட்டமும் உள்ள, ஐம்பதைத் தாண்டிய ஒருவன் இப்படி நம்பலாமா என்று கேட்காதீர்கள். நம்பினேன்.

என் பக்கத்திலும் கொஞ்சம் நியாயம் உண்டு. குவாதலூப் பிரான்சுக்குச் சொந்தமான கரீபியன் தீவு. கரும்புத் தோட்டங்களில் வேலை செய்ய நம்மவர்களையும் கப்பலில் கொண்டுபோன இடம். இன்றும் அங்கே மாரியம்மன் கோயில்கள் இருக்கின்றன. சிட்னியிலிருந்து விமானம் மாறி மாறி நானும் மனைவியும் போனதே அவற்றைப் பார்க்கத்தான். புறப்படுமுன், சிட்னியில் நாங்கள் இருக்கும் பரமட்டாவில், கண்ணில் பட்டவர்களுக்கெல்லாம் இதைப் பற்றி வகுப்பெடுத்திருந்தேன். ஆகவே கடற்கரையில் நிழல் விரித்து நின்ற ஒரு மரத்தின் இடுப்பில் சிவப்புப் பட்டையைக் கண்டதும் எனக்குப் புல்லரித்தது. பக்கத்தில் பிரெஞ்சில் ஒரு பலகை. பூசை நேரம் போட்டிருக்கிறார்கள் என்று முடிவு செய்தேன்.

மரத்தடியில் குட்டி அப்பிள் போலப் பச்சைப் பழங்கள். நல்ல வாசம். இரண்டை எடுத்து ஒன்றை மனைவியிடம் நீட்டினேன்.

“இது என்ன பழம்?”

“பிரசாதம் எண்டு நினைச்சுக்கொள்ளும்.”

“ஆர் தந்தது?”

“அம்மன்தான். பிடியும்.”

அவள் வாங்கிக்கொண்டு கார் நின்ற பக்கம் நடந்தாள். நான் பழத்தை நெற்றியில் தொட்டுவிட்டுக் கடித்தேன். இனிப்பாக இருந்தது. விழுங்கினேன்.

முதலில் நாக்கில் மிளகுக் காரம். பிறகு அது மிளகல்ல, நெருப்பு. பிறகு யாரோ உள்ளே இருந்து கயிறு போட்டு இழுப்பது போலத் தொண்டை இறுகத் தொடங்கியது. எச்சிலை விழுங்கப் பார்த்தேன். இறங்கவில்லை.

அப்போதுதான் மற்றப் பழத்தின் ஞாபகம் வந்தது. நான் கொடுத்த பழம். அதுவும் சாமி பெயரைச் சொல்லிக் கொடுத்த பழம்.

ஓடினேன். ஓடினேன் என்று எழுதுவது என் மரியாதைக்காக. மணலில் வயிறு முன்னால் போக நான் பின்னால் போனேன். “துப்பும்! துப்பும்!” என்று கத்தினேன். வெறும் காற்றுத்தான் வந்தது. அவள் திரும்பிப் பார்த்தாள். வாய் அசைந்துகொண்டிருந்தது. எதையோ மென்றுகொண்டிருந்தாள்.

இரண்டு கையாலும் கழுத்தைப் பிடித்துக் காட்டினேன். அவள் சிரித்தாள்.

அவளைக் குறை சொல்ல முடியாது. வெஸ்ட்மீட் மருத்துவமனையில் தாதியாக வேலை செய்பவள். நாள் முழுக்க உண்மையான நோயாளிகளைப் பார்ப்பவள். ஒரு பிறந்தநாள் விருந்தில் நான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து நடித்தபோது, “சனம் இடறப் போகுது, கொஞ்சம் தள்ளிக் கிடவுங்கோ” என்று சொல்லிவிட்டுக் கேக் வெட்டப் போனவள்.

“காணும், நடிச்சது காணும். இஞ்சயும் துவங்கியாச்சே?” என்றாள், மென்றபடியே.

கிட்டப் போய் அவள் வாய்க்குள் விரலை விட்டுத் தோண்டப் பார்த்தேன். கையில் ஓர் அடி விழுந்தது. “என்னப்பா, விசரே உங்களுக்கு? ஆக்கள் பாக்கினம்!”

சிட்னியில் இருக்கும் மகளிடம் என்ன சொல்வேன்? அம்மாவுக்கும் நான்தான் ஊட்டினேன் என்றா? சொல்வதற்கு எனக்குத் தொண்டை மிஞ்சுமா? மணலில் முழங்காலில் விழுந்து அழுதேன்.

அழுகைதான் அவளைத் திடுக்கிட வைத்தது. நான் நடிக்கும்போது அழுவதில்லை. என் தாடையைப் பிடித்து வாயை வெயிலுக்குத் திறந்து பார்த்தாள். முகம் மாறியது.

“என்ன தின்னனீங்கள்?”

மரத்தைக் காட்டினேன். பிறகு அவள் வாயைக் காட்டினேன். திரும்பத் திரும்ப அவள் வாயையே காட்டினேன்.

அவள் பலகையிடம் ஓடிப்போய்க் கைபேசியைப் பிடித்து, அது மொழிபெயர்த்துக் காட்டியதைச் சத்தமாக வாசித்தாள். “சிவப்புப் பட்டை போட்ட மரம் நஞ்சாம். பழம் தின்னக் கூடாதாம். தொடக் கூடாதாம். மழைக்குக்கூடக் கீழ நிக்கக் கூடாதாம்.” என்னைப் பார்த்தாள். “கடவுளே! எழும்புங்கோ, காருக்குள்ள ஏறுங்கோ!”

காருக்குள்ளும் நான் அவள் வாயையே காட்டிக்கொண்டிருந்தேன். அவள் ஒரு கையால் ஓட்டிக்கொண்டு மறுகையால் பையைத் திறந்து என் மடியில் போட்டாள். உள்ளே சிட்னியிலிருந்து கொண்டுவந்த முறுக்குப் பொட்டலம், பாதி காலியாக.

“நிலத்தில கிடந்ததை ஆரும் தின்னுவினமே? அதை நான் அப்பவே எறிஞ்சிட்டன்.”

மருத்துவமனையில் ஊசி போட்டார்கள். பொழுது சாயத் தொண்டை மெல்ல விட்டுக்கொடுத்தது. மறுநாள் அவள் தனியாகப் போய் மாரியம்மன் கோயிலைப் பார்த்துவிட்டு வந்தாள். நான் விடுதி அறையில் குளிர்ந்த பால் குடித்துக்கொண்டிருந்தேன்.