உத்தமபாளையத்துத் தோப்புச் சாவி

தேனி ஸ்டேஷனில் ரயிலை விட்டு இறங்கியபோது காலை ஏழு மணி. மேற்கே மலை முழுக்க மேகம். காற்றில் ஈரம். எங்கள் ஊரில் இந்த மாதத்தில் புழுதிதான் பறக்கும். வந்து இறங்கிய கால் மணி நேரத்திலேயே எனக்கு எரிச்சல் தொடங்கிவிட்டது.

ஊர் சுற்றிப் பார்க்க நான் கிளம்பவில்லை. ஒரு மனிதரைக் கிளப்பிக்கொண்டு வரப் போனேன். எங்கள் ஊரில் (பெயர் சொல்ல மாட்டேன், சொன்னால் உறவுக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள்) புதிதாக ஒரு பார்க் கட்டியிருக்கிறோம். இரும்பு வேலி, சிமெண்டு பெஞ்சு, நடுவில் கச்சேரி மண்டபம். பார்க் கமிட்டிக்கு நான் தலைவர். குறை ஒன்றுதான்: மண்டபத்தில் வாசிக்க ஆள் கிடையாது. எங்கள் மேளக்காரத் தெரு என்றைக்கோ காலியாகிவிட்டது. உத்தமபாளையத்து நாயனக்காரர் சங்கரலிங்கத்தைக் குடும்பத்தோடு கொண்டுவந்து குடியேற்றுகிறேன், முடியாவிட்டால் தலைவர் நாற்காலியை விட்டு இறங்குகிறேன் என்று ஊர்க் கூட்டத்தில் வாய்க்கொழுப்பில் சொல்லித் தொலைத்திருந்தேன்.

ஸ்டேஷன் வாசலிலேயே கம்பம் பஸ். உத்தமபாளையத்துக்கு ஆறணா. பத்தொன்பது மைல். வீரபாண்டியில் ஆறு நுரைத்துக்கொண்டு ஓடியது. அதன்பின் இரண்டு பக்கமும் நெல், தென்னை, மறுபடி நெல். சின்னமனூரில் வெற்றிலைக் கொடிக்கால்கள். பெரியாற்றுத் தண்ணீர் வந்ததும் வந்தது, இந்தப் பள்ளத்தாக்குக்காரர்கள் வாழ்வே வாழ்வு. இக்கரைக்கு அக்கரை பச்சை என்று நம்மைத் தேற்றுவதற்காக யாரோ சொல்லிவைத்தார்கள். இந்த அக்கரை உண்மையிலேயே பச்சையாக இருக்கிறது, என்ன செய்ய?

கண்டக்டர் என் பையைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "கோர்ட்டு வேலையா, தோப்புப் பாக்கவா?"

"தோப்புத்தான். அப்படி என்ன இருக்கிறது அங்கே?"

"ஒண்ணுமில்ல. மரம் இருக்கு, மேளம் இருக்கு. ஆனா பாக்க வந்தவுக எல்லாரும் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டுத்தான் திரும்பிப் போறாக."

பத்து மணிக்குப் போய்ச் சேர்ந்தேன். முல்லையாற்றங்கரையில், சுற்றுச்சுவரும் மரக்கதவும் உள்ள பழைய தோப்பு அது. மருதமும் புளியும் பகலை மறைத்து நின்றன. தோப்பை ஒட்டி ஒரு பக்கம் மேளக்காரத் தெரு. பாளையக்காரர் காலத்தில் குடியேறியவர்களாம். இன்னொரு பக்கம் ராவுத்தர் தெரு. தோப்புக்குள் பெண்கள் குடத்தோடு ஆற்றுக்குப் போனார்கள். கிழவர்கள் ஆடுபுலி ஆடினார்கள். புளியமரத்தடியில் நான்கு பேர் தவிலுக்கு வார் இழுத்துக்கொண்டிருந்தார்கள். பெஞ்சு ஒன்றுகூட இல்லை. அப்படியும் உட்கார இடமில்லாத கூட்டம். எங்கள் பார்க்கில் ஆறு பெஞ்சு, காக்கைகள் உட்காருகின்றன.

சங்கரலிங்கத்துக்கு நாற்பது வயதிருக்கும். மெலிந்த ஆள், பெரிய நெஞ்சு. என் விஷயத்தைச் சொன்னேன். வீடு, இரண்டு ஏக்கர் நஞ்சை, வருஷத்துக்கு இரண்டு திருவிழா. நஞ்சை என்பது பத்திரத்தில்தான். அதை நான் அழுத்திச் சொல்லவில்லை.

அவர் உடனே மறுக்காதது எனக்கே ஆச்சரியம். "இங்கன எதுக்கெடுத்தாலும் பேச்சுய்யா" என்று அலுத்துக்கொண்டார். "போன மாசம் ஆடு மேய்க்கிறவுக கொறை சொன்னாகன்னு எங்களை ஆத்தோரமா ஒதுக்கிட்டாக. அங்கன கொசு பிடுங்குது. நாயனத்த ஊதவா, கொசுவ ஓட்டவா? ஏழு தெருவுட்ட கேட்டுத்தான் ஒரு கீர்த்தனை ஊதணும்."

பழம் நழுவிப் பாலில் விழுந்தது! "எங்கள் ஊரில் யாரையும் கேட்க வேண்டாம். என்னிடம் சொன்னால் போதும்" என்றேன்.

"நாளைக்குச் சொல்றேன்" என்றார். முகத்தில் பாதிச் சம்மதம் தெரிந்தது.

சாயங்காலம் தோப்புக் கூட்டம் நடப்பதாகக் கேள்விப்பட்டுப் போனேன். மருத மரத்தடியில் ஏழு பேர், தெருவுக்கு ஒருவர். மேளக்காரத் தெருவுக்கு ஆளாக உட்கார்ந்திருந்தவர் சங்கரலிங்கத்தின் அக்காள் வீராயி. கமிட்டியில் பெண்பிள்ளையா என்று நான் பார்த்த பார்வையை அந்த அம்மாள் கண்டுகொண்டார்.

"தம்பி ஊதுவான், நான் பேசுவேன். ரெண்டும் அவனால முடியாதுல்ல" என்றார்.

அன்றைய வழக்கு இதுதான். காதர் ராவுத்தர் தம் தெருவுக்கு ஆள். அவருடைய தாயாருக்கு ஒரு வாரமாகக் காய்ச்சல். "விடியல்ல தவில் விழுந்தா அம்மா தூக்கிவாரிப் போட்டு எந்திரிக்கிறாக. ஒரு வாரம் பொறுங்க" என்றார்.

"மாசம் பூராக் கல்யாணம் கெடக்கு, ராவுத்தர் மாமா. சாதகம் பண்ணாம பந்தல்ல போய் என்னத்த அடிக்கிறது? எங்க வயித்துல அடிக்கச் சொல்றீகளா?" என்றார் வீராயி.

"ஏந்தாயி, நான் அப்படியா சொன்னேன்?"

"பின்ன எப்படிச் சொன்னீக?"

இப்படிப் போனது. நடுவில் ஒருவர் போன வருஷத்துப் புளியங்காய்க் கணக்கைக் கிளப்பினார். இன்னொருவர் காய்ச்சலுக்குக் கஷாயம் சொன்னார். விளக்கு வைத்த பிறகும் பேச்சு முடியவில்லை. கடைசியில், "காலையில பேசுவோம்" என்று எழுந்தார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. பச்சை வயலும் ஆறும் நாயனமும் இவர்களுக்குக் கிடைத்திருக்கிறதே என்று காலையிலிருந்து வெந்துகொண்டிருந்த மனசு. குறை சொல்ல ஓர் இடம் கிடைத்ததும் பாய்ந்துவிட்டேன்.

"இதற்கு இத்தனை பேச்சா? எங்கள் ஊரில் இதை ஒரே நிமிஷத்தில் முடித்திருப்பேன்!"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ராவுத்தர் சிரித்துக்கொண்டே இடுப்புக் கயிற்றிலிருந்து ஒரு பெரிய சாவியை அவிழ்த்தார். வீராயி அதை வாங்கி என் கையில் வைத்தார். சாண் நீள இரும்புச் சாவி, நல்ல கனம்.

"கொறை சொன்னவுக கையில சாவி. இது இங்கன வழக்கம். போன வாரம் நாயனம் அதிகம்னு மாமா கொறை சொன்னாரு, சாவி அவருட்டப் போச்சு. இனி ஒங்களுட்ட. கதவத் தொறக்குறதும் பூட்டுறதும் ஒங்க பொறுப்பு. நாளைக்கு நீங்கதான் தோப்பு" என்றார்.

அசலூர்க்காரன் என்று சொல்லிப் பார்த்தேன். "அதனாலென்ன, சாவி திரும்பும்ல?" என்றார் ஒருவர்.

தோப்புக் கதவைப் பூட்டிவிட்டுச் சத்திரத்துக்குப் போய் நன்றாகத் தூங்கினேன். யாரையும் கேட்காமல் கதவைத் திறந்துவிடுகிறேன், சங்கரலிங்கம் ஆசை தீர வாசிக்கட்டும், அந்தச் சலுகையில் மயங்கி என்னோடு வண்டி ஏறிவிடுவார் என்று கணக்குப் போட்டிருந்தேன். விடியற்காலையில் தோப்பு வாசலுக்குப் போனால் சங்கரலிங்கமும் தவில்காரர்களும் நிற்கிறார்கள். எதிரே காதர் ராவுத்தர், தூக்கமில்லாத கண்ணோடு. "ராத்திரி காய்ச்சல் ஏறிப்போச்சுங்க" என்றார். குடத்தோடு பெண்கள் வேறு. இரண்டு பக்கமும் என் முகத்தையே பார்த்தார்கள். நாயனத்துக்குத் திறந்தால் ராவுத்தர் தெரு பொல்லாப்பு. திறக்காவிட்டால் சங்கரலிங்கம் கைநழுவிப் போவார். யாரை என்ன கேட்பது என்றே தோன்றவில்லை.

"நீங்கள் ஒரு முடிவுக்கு வாருங்கள். அதுவரைக்கும் தோப்பு யாருக்கும் இல்லை" என்று சொல்லிவிட்டு, பூட்டை இன்னொரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு, காப்பி கிளப்பில் இட்லி சாப்பிடப் போனேன். நான்கு இட்லி ஓரணா, சட்னி பிரமாதம். வம்பு வராமல் தப்பித்தோம் என்ற நிம்மதியில் காப்பியும் குடித்தேன்.

திரும்பி வந்தபோது வாசலில் ஈ காக்கை இல்லை. ஆற்றுக்கு அப்பாலிருந்து நாயனம் கேட்டது. காலை வெயிலில் அந்தச் சத்தம் தண்ணீர்மேல் வந்து நின்றது. பொறாமை பற்றி எரிந்தது எனக்கு. முழங்கால் தண்ணீரில் இறங்கி அக்கரைக்குப் போனேன். ராவுத்தருடைய நெல் களம் அது. நான் திறக்காமல் போனதும் வீராயியும் ராவுத்தரும் கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்து பேசி, அம்மாவுக்குக் காய்ச்சல் விடுகிறவரை களத்தில் சாதகம் என்று முடித்திருக்கிறார்கள். களம் அவர் கொடுத்தது. கொசு விரட்டப் புகைமூட்டமும் அவர் பொறுப்பு. குடங்களை இறக்கி வைத்துவிட்டுப் பெண்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

வாசித்து முடித்ததும் சங்கரலிங்கம் என்னிடம் வந்தார். அவர் குரலில் கோபமே இல்லை.

"நான் ஒங்க ஊருக்கு வல்லைங்கய்யா. தப்பா நெனைக்காதீக. ஒங்க ஊரு எப்படி இருக்கும்னு காலையில அந்தக் கதவுலயே பாத்துட்டேன்."

சாவியை வீராயியிடம் கொடுத்தேன்.

மத்தியானப் பஸ்ஸுக்கு வீராயியும் ராவுத்தரும் வழியனுப்ப வந்தார்கள். ஒரு சீப்பு வாழைப்பழமும் கொடுத்தார்கள். வந்த இடத்தில் சண்டை மறுபடி பிடித்துக்கொண்டது. தவில்காரர்கள் களத்து வைக்கோலை மிதித்துத் துவைத்துவிட்டார்களாம்.

"மாடு திங்காதுல்ல தாயி அத?"

"அப்ப ஒங்க மாட்டையும் ஒரு தெருவுக்கு ஆளா உக்கார வைங்க மாமா, அதுட்டயும் கேட்டுக்குவோம்!"

ராவுத்தர் தோள் குலுங்கச் சிரித்தார். சிரித்துக்கொண்டே வைக்கோலுக்கு நியாயம் கேட்டார். என் பஸ் கிளம்பியதை இருவரும் கவனிக்கவில்லை. சின்னமனூர் தாண்டும்வரை பழச் சீப்பு மடியிலேயே கிடந்தது. வயலைப் பார்த்து, ஆற்றைப் பார்த்து, நாயனத்தைக் கேட்டுப் பொறாமைப்பட்டவன் நான். ஆனால் அந்த இரண்டு பேர் போட்ட சண்டையைப் பார்த்து எனக்கு வந்த பொறாமை அதையெல்லாம் தூக்கிச் சாப்பிட்டுவிட்டது.

ஊர் வந்து சேர்ந்த வெள்ளிக்கிழமை கூட்டத்தைக் கூட்டி, சொன்ன வாக்குப்படி நாற்காலியை விட்டு இறங்கினேன். எல்லாரும் தலையை ஆட்டினார்கள். ஒருவர்கூட ஏன் என்று கேட்கவில்லை.