அப்ஸல்யூட்லி அமேஸிங் சாம்பார்

போன வியாழக்கிழமை காலை திவ்யாவிடமிருந்து வாட்ஸ்அப் வந்தது.

'ஆன்ட்டி, உங்க சாப்பாடு அப்ஸல்யூட்லி அமேஸிங். சாம்பார் லிட்ரலி எங்கம்மா வைக்கிற மாதிரி. ஸோ ஸோ சாரி, நாளையிலிருந்து பாக்ஸ் வேண்டாம். டயட். ரியலி மிஸ் பண்ணுவேன்.'

இரண்டு முறை படித்தேன். அமேஸிங் என்றால் ஏன் வேண்டாம்?

வங்காளிகள் நிறைந்த இந்த சால்ட் லேக்கில் எங்கள் ஃபிளாட் சமையலறையிலிருந்து, செக்டர் ஃபைவ் ஆபீஸ்களில் வேலை பார்க்கும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு அனுப்புகிறேன். சாதம், சாம்பார், பொரியல், தயிர். எல்லாம் ஓர் ஆட்டோவில் போகும். துர்கா பூஜைக்கு முன்னால் இருபத்தாறு பாக்ஸ். திவ்யாவோடு சேர்த்துப் பதினொரு பேர் நின்றுவிட்டார்கள். இன்னும் மூன்று குறைந்தால் அடுப்பை அணைத்துவிட வேண்டியதுதான். பதின்மூன்று பாக்ஸுக்குக் கீழே போனால் வர முடியாது என்று ஆட்டோக்காரர் சொல்லியாயிற்று.

இதில் வேடிக்கை, நின்ற அத்தனை பேரும் பாராட்டிவிட்டுத்தான் நின்றார்கள். 'எக்ஸ்ட்ரீம்லி டேஸ்ட்டி' என்றார் ஒருவர். 'டோட்டலி லவ்டு இட்' என்றார் இன்னொருவர். ஒரே வாரத்தில் நான்கு பேருக்கு டயட்...

நான் பத்தாம் வகுப்பு, தமிழ் மீடியம். ஆங்கிலத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல எனக்குத் தெரிந்த ஒரே வார்த்தை வெரி. நோட்டில் டீச்சர் 'குட்' போடுவார். வருஷத்துக்கு ஒருமுறை 'வெரி குட்'. அன்றைக்கு அந்த நோட்டை மூடாமல் கையில் பிடித்தபடியே வீட்டுக்கு வந்தேன்.

இப்போது வெரிக்கு மதிப்பு போய்விட்டது. வெறும் 'தேங்க்ஸ்' போட்டால் கோபமா என்று கேட்கிறார்கள். அதனால் நானும் 'தேங்க் யூ வெரி வெரி மச்' என்றுதான் போடுகிறேன். திவ்யாவுக்கும் அதையே போட்டேன். ஏன் நிறுத்துகிறாய் என்று கேட்கவில்லை. கடைக்காரர் பழைய மிளகாயைக் கொடுத்தாலும் பேசாமல் வாங்கி வருகிற ஆள் நான்.

மிச்சமிருந்தவர்களில் ஒருவர் சரவணன். விருதுநகர்க்காரர். தினமும் மூன்று மணிக்கு ஒற்றை வார்த்தை அனுப்புவார் — 'ஓகே'. அடுத்து நிற்கப் போகிறவர் இவர்தான் என்று முடிவே கட்டியிருந்தேன்.

சனிக்கிழமை அவரே காலி டப்பாக்களோடு வாசலில் வந்து நின்றார். கதவைப் பிடித்துக்கொண்டு ஒருவழியாகக் கேட்டேன்.

"தம்பியும் நிறுத்தப் போறீங்களா?"

"இல்லையே ஆன்ட்டி. இந்தப் பக்கம் வந்தேன், குடுத்துட்டுப் போலாம்னு."

"எல்லாரும் நின்னுட்டாங்க. ஆனா சாப்பாடு பிரமாதம்னுதான் சொல்றாங்க."

அவர் தன் செருப்பைப் பார்த்தார்.

"சாம்பார் இனிக்குது ஆன்ட்டி."

"இனிக்குதா?"

"பாயசத்துல முருங்கைக்கா போட்ட மாதிரி. பூஜை லீவு முடிஞ்சதுலேர்ந்து."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே தம்பி."

"நீங்க கேக்கலையே. அதான் ஓகேன்னு போட்டேன். முன்னாடி குட்னு போடுவேன்ல?"

அவர் போனதும் ஃபோனை மேலே தள்ளிப் பார்த்தேன். பூஜை வரைக்கும் வரிசையாக 'குட்'. அதற்கப்புறம் எல்லாம் 'ஓகே'. நான் கவனிக்கவே இல்லை.

பூஜை சமயத்தில்தான் பக்கத்து ஃபிளாட் மிதாலி பௌதிக்கு முதன்முதலாகச் சாம்பார் கொடுத்தேன். இங்கே அக்கம்பக்கத்து அண்ணிமார் எல்லோரும் பௌதிதான். "வெரி டேஸ்ட்டி. கொஞ்சம் இனிப்பு சேர்த்தால் இன்னும் நன்றாக இருக்கும்" என்றார். எல்லோருக்கும் வைக்கிற சாம்பாரிலேயே கொஞ்சம் வெல்லம் போட்டேன். "வெரி வெரி டேஸ்ட்டி" என்றார். இன்னும் கொஞ்சம் போட்டேன். பாராட்டு ஏற ஏற வெல்லமும் ஏறியது. தினமும் சாப்பிட்டு என் நாக்கு பழகிவிட்டது. வீட்டுக்காரருக்குச் சர்க்கரை வியாதி. வெல்லம் போடும் முன்பே அவருக்குத் தனியாக எடுத்துவிடுவேன். வேறு யார் சொல்வது?

ஞாயிற்றுக்கிழமை பௌதியிடம் போய், இனி சாம்பாரில் வெல்லம் போட மாட்டேன் என்று வங்காள மொழியில் தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

"போடாதே. எனக்கு என்ன? யூரிக் ஆசிட் இருக்கிறது, பருப்பே தொடக் கூடாதென்று டாக்டர் சொல்லி எவ்வளவு நாளாயிற்று."

"அப்புறம் தினமும் வெரி வெரி டேஸ்ட்டி என்றீர்களே?"

"நீ ஆசையாகக் கொண்டுவருகிறாய். எப்படிச் சொல்வது? வேலைக்கு வருகிறவளுக்குக் கொடுத்துவிடுவேன். இப்போது அவளும் வேண்டாம் என்கிறாள்."

இரண்டு பேரும் சிரித்தோம். பௌதி செய்து தரும் பாகற்காய்க் கூட்டைப் பற்றி நான் வருஷக்கணக்காகச் சொல்லிவரும் 'வெரி வெரி நைஸ்' விஷயத்தை அன்று எடுக்கவில்லை. ஒரு நாளைக்கு ஓர் உண்மை போதும்.

யோசித்துப் பார்த்தால், இந்த ரியலியும் அப்ஸல்யூட்லியும் பாதி நேரம் மெத்தைதான். சொல்ல வேண்டியதை அதற்கு அடியில் வைத்துவிட்டு, மேலே உட்கார்ந்துகொள்கிறோம். பிறகு அதை யார் தேடி எடுப்பது?

நின்றுபோன பதினொரு பேருக்கும் அன்று மாலையே ஒரு மெசேஜ் போட்டேன். 'சாம்பார் இனித்தது. தப்பு என்னுடையது. நாளை முதல் இனிக்காது.' வெரி, ஸோ, ரியலி எதுவும் சேர்க்கவில்லை. கை என்னவோ பரபரத்தது.

ஐந்து பேர் திரும்பி வந்துவிட்டார்கள். திவ்யா மட்டும் 'டெஃபினிட்லி டெஃபினிட்லி வரேன் ஆன்ட்டி' என்று போட்டிருக்கிறாள். இன்னும் வரவில்லை.

திங்கட்கிழமை மூன்று மணிக்குச் சரவணனிடமிருந்து மெசேஜ் வந்தது. 'குட்.'

அதற்கு முன்னால் ஒரு வெரிகூட இல்லை. நம்பிவிட்டேன்.